ஒழுங்கையில் கிடக்கும் கொப்பும் அயலவரின் உரிமையும்

மாரி மழைக்கு முன் வளவைத் துப்புரவாக்குவது வன்னியில் அநேகமாக எல்லா வீடுகளிலும் நடக்கும் வேலை. வேலியில் நிற்கும் கிளிசரியாவும் பூவரசும் வெட்டப்படும். தென்னையின் காய்ந்த ஓலை, பாளை, மட்டை எல்லாம் இழுத்து விழுத்தப்படும். மாமரத்துக் கொப்பு தறிக்கப்படும். முற்றத்துச் சருகு கூட்டிக் குவிக்கப்படும். இதுவரை எல்லாம் நல்ல வேலைதான். பிரச்சினை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வெட்டியதும் கூட்டியதும் படலைக்கு வெளியே, ஒழுங்கையின் ஓரத்தில் தள்ளப்படுகின்றன. வளவு வடிவாகி விடுகிறது, ஒழுங்கை பாதியாகி விடுகிறது.

தண்ணீரூற்று போன்ற ஒரு கிராமத்தில் இது சின்ன விடயமாகத் தோன்றலாம். குப்பை கொட்டினான் என்று ஊரில் யார் வழக்குப் பேசப் போகிறார்கள் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் அயலவர்களுக்கிடையே வருடக்கணக்கில் பேச்சு நின்றுபோன இடங்களில் விசாரித்துப் பார்த்தால், காணி எல்லை, வேலிக் கதியால், தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால், வாசலில் கொட்டிய குப்பை ஆகிய நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் ஆரம்பமாக இருக்கும். நம் ஊரின் நிலைமையில் இதற்கு இன்னொரு பாரமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டே மற்றதைப் பேச வேண்டும்.

நம் ஊரில் இது ஏன் கூடுதலாக நடக்கிறது

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், முல்லைத்தீவு நகரம் ஆகிய இடங்களின் முஸ்லிம்களும் ஊரை விட்டுப் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் மீள்குடியேற்றம் தொடங்கியது. ஆனால் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. ஒரு குடும்பத்தில் வாப்பா இங்கே, பிள்ளைகள் அங்கே. இன்னொரு குடும்பத்தில் காணி மட்டும் இங்கே, ஆட்கள் முழுவதும் புத்தளத்தில். இரண்டு ஊரிலும் கால் வைத்த வாழ்க்கை இது.

இதன் விளைவு ஒழுங்கையிலேயே தெரிகிறது. ஆளில்லாத வளவு ஒரு மாரிக்குள் பற்றையாகி விடும். காணிக்காரர் பாடசாலை விடுமுறைக்கோ பெருநாளைக்கோ வருவார். இரண்டு நாளைக்குக் கூலிக்கு ஆள் பிடித்துப் பற்றையை வெட்டுவிப்பார். வெட்டுகிறவர் வெட்டியதை எங்கே போடுவது என்று கேட்டால், இப்போதைக்கு வெளியே இழுத்துப் போடுங்கள் என்ற பதில் வரும். மூன்றாம் நாள் காணிக்காரர் பஸ் ஏறிவிடுவார். குவியலோடு இருந்து பாடுபடுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் முஸ்லிமாகவும் இருக்கலாம், தமிழராகவும் இருக்கலாம். முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பகுதியில் இரு சமூகமும் வேலிக்கு வேலி வாழ்கின்றன. இருபது வருட இடைவெளிக்குப் பின் மீண்டும் ஒட்டிய உறவு இது. இரண்டு வீட்டுக்காரருக்கு இடையிலான கொப்புத் தகராறு, ஓர் அவசரமான வார்த்தையால் இரண்டு சமூகங்களின் தகராறாக மாறிவிடக் கூடாது. நமது பேச்சு எப்போதும் குவியலைப் பற்றியே இருக்க வேண்டும். கொட்டியவரின் பெயர், ஊர், சமயம் எதுவும் அதற்குள் வரத் தேவையில்லை.

குவியல் செய்யும் கெடுதி

இலைகுழைதானே, உக்கிப் போய்விடும் என்பது வழமையான சமாதானம். அது உக்குவதற்கு முன் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது டெங்கு. இலைக் குவியலில் நேரடியாக நுளம்பு பெருகாது. ஆனால் தோட்டக் கழிவு என்று நாம் தள்ளுவதில் சிரட்டை, இளநீர்க் கோம்பை, வளைந்து கிடக்கும் பாளை, தென்னை மட்டையின் அடிப்பள்ளம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிண்ணம். டெங்கைப் பரப்பும் நுளம்பின் முட்டை வளர்ந்து பறக்கும் நுளம்பாக வெளிவர ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அதன் முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, மழை பட்டதும் பொரிக்கும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவாகினர், 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். வீட்டு முற்றத்தையும் வீதி ஓரத்தையும் சுத்தமாக வைத்திருக்கச் சொல்வது வெறும் அழகுக்காக அல்ல என்பதை அந்த வருடம் நாடு முழுவதற்கும் காட்டியது.

இரண்டாவது வெள்ளம். நமது ஒழுங்கைகளில் பெரும்பாலும் கட்டிய வடிகால் கிடையாது. ஓரத்துப் பள்ளம்தான் வாய்க்கால், அது போய்ச் சேருமிடம் ஒரு சின்ன மதகு. ஓரத்தில் கிடக்கும் சருகும் கொப்பும் முதல் பெருமழையிலேயே இழுபட்டு மதகின் வாயை அடைக்கும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் தாக்கியது. அப்படியான வெள்ளம் குப்பையால் வருவதில்லை. ஆனால் வந்த தண்ணீர் வடியாமல் வீட்டுக்குள் நிற்பதற்கு அடைபட்ட மதகு ஒரு காரணமாகிவிடும்.

மூன்றாவது விபத்து. ஈரமான ஓலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கும். இரவில் வெளிச்சமில்லாத ஒழுங்கையில் நீட்டிக்கொண்டிருக்கும் கொப்பு கண்ணைக் குத்தும். ஓரம் அடைபட்டால் பாடசாலைப் பிள்ளைகளின் சைக்கிள் நடு வீதிக்கு வரும். குவியலுக்குள் பாம்பும் தேளும் ஒதுங்கும். உக்கிய தென்னங்குற்றியும் அழுகிய குவியலும் தென்னையை அழிக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் இடங்கள். அதனால் கொட்டியவரின் தென்னைக்கும் ஆபத்து திரும்பி வருகிறது.

நான்காவது, குவியல் குவியலை அழைக்கும். இன்று இலைகுழை, நாளை அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பை, அடுத்த கிழமை பிள்ளையின் பம்பர்ஸ். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. நிறுத்தியிருந்த சைக்கிள்களில் ஆய்வாளர்கள் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கட்டிவிட்டார்கள். பக்கத்துச் சுவர் சுத்தமாக இருந்தபோது 33 வீதமானோர் அதைக் கழற்றி நிலத்தில் போட்டனர். அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 வீதமானோர் போட்டனர். இடமும் சுவரும் மாறவில்லை. அங்கே ஒழுங்கு ஏற்கெனவே குலைந்திருக்கிறது என்ற ஒரு அடையாளம் போதுமாக இருந்தது. முதல் குவியலை உடனே அகற்றுவது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

மார்க்கம் இதை எங்கே வைத்திருக்கிறது

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு, கலிமாவைச் சொல்வது அவற்றில் மிக உயர்ந்தது, பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது அவற்றில் கடைசிப் படி என்ற ஹதீஸை நாம் சிறுவயது மத்ரஸாவிலிருந்தே அறிவோம். கடைசிப் படி என்பதைப் பலர் முக்கியமில்லாதது என்று விளங்கிக்கொள்கிறோம். உண்மையில் ஏணியின் கடைசிப் படி எல்லோராலும் வைக்க முடிந்த படி. அதில்கூட ஏறாதவர் மேலே எப்படிப் போவார்? அதைவிட, அகற்றுவதே ஈமானின் கிளையாக இருக்கும்போது, தொல்லையைக் கொண்டுவந்து போடுவது எதன் கிளை என்று நாமே யோசிக்க வேண்டும்.

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இன்னொரு ஹதீஸ் நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. பாதையில் நடந்து போன ஒரு மனிதர் முள்மரத்தின் கிளை ஒன்றைக் கண்டு அதை ஓரமாக்கினார். அல்லாஹ் அதை ஏற்று அவரை மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரழி) அறிவிக்கிறார்கள். அங்கே பேசப்படுவதும் ஒரு மரக்கொப்புதான். அதைப் பாதையில் போட்டவர் யார் என்று அந்த ஹதீஸ் விசாரிக்கவில்லை. அகற்றியவரைத்தான் பேசுகிறது.

அயலவருடைய தொல்லையிலிருந்து எவருடைய அயலவர் பாதுகாப்புப் பெறவில்லையோ அவர் முழுமையான நம்பிக்கையாளர் அல்லர் என்ற கடுமையான எச்சரிக்கையும் உண்டு. வீதியில் உட்காருவோருக்கு, வீதிக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்று நபியவர்கள் சொன்னபோது, அந்த உரிமைகளில் ஒன்றாகத் தொல்லை தராமலிருப்பதைக் குறிப்பிட்டார்கள். வீதிக்கு ஓர் உரிமை உண்டு என்ற எண்ணமே நம்மில் பலருக்குப் புதிது. ஒழுங்கை யாருடையதும் அல்ல என்று நினைக்கிறோம். மார்க்கம் அதை எல்லோருடையதும் என்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் நாட்டில் நமக்குப் பழக்கமான ஒரு நூலிலேயே இது சட்டமாக இருக்கிறது. ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுத் தாலிபீன், குப்பையையும் வத்தகப்பழத் தோலையும் பாதையில் போட்டு, அதனால் ஒருவர் விழுந்து சேதமடைந்தால் போட்டவரே அதற்குப் பொறுப்பு என்பதைச் சரியான கருத்தாகச் சொல்கிறது. தெரிந்துகொண்டே வேண்டுமென்று அதன் மேல் நடந்தவரின் விடயம் வேறு என்று பின்வந்த அறிஞர்கள் விளக்கினார்கள். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் டமஸ்கஸ் வீதியில் வத்தகப்பழத் தோலுக்குச் சொன்ன சட்டம், தண்ணீரூற்று ஒழுங்கையில் கிடக்கும் தென்னோலைக்கும் பொருந்தும். ஒருவர் சறுக்கி விழுந்து கை முறிந்தால், தெரியாமல் நடந்துவிட்டது என்று கையை விரிக்க மார்க்கத்தில் இடமில்லை.

பொறுமை எதுவரை

அயலவரின் தொல்லை என்றதும் மிம்பர்களிலும் மேடைகளிலும் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. நபியவர்கள் மேல் தினமும் குப்பை கொட்டிய மூதாட்டி, ஒருநாள் கொட்டாததால் நபியவர்கள் நோய் விசாரிக்கப் போனது என்று அந்தக் கதை போகும். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் அதற்கு ஆதாரபூர்வமான அறிவிப்பாளர் தொடர் கிடையாது என்று ஹதீஸ்துறை அறிஞர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையின் பெயரால், அயலவர் என்ன செய்தாலும் வாய் திறக்காதே என்பதுதான் சுன்னா என்று மக்களிடம் பதிந்துவிட்டது.

அபூதாவூதில் பதிவாகியுள்ள சம்பவம் வேறு விதமானது. ஒரு மனிதர் தன் அயலவரின் தொல்லையைப் பற்றி நபியவர்களிடம் முறையிட்டார். போய்ப் பொறுமையாக இருங்கள் என்று அனுப்பினார்கள். அவர் இரண்டு மூன்று தடவை திரும்ப வந்தார். அப்போது, உமது வீட்டுச் சாமான்களை எடுத்துப் பாதையில் வையும் என்றார்கள். அவர் அப்படியே செய்தார். போவோர் வருவோர் காரணம் கேட்டார்கள். அவர் சொன்னார். கேட்டவர்கள் அந்த அயலவரைச் சபிக்கத் தொடங்கினார்கள். கடைசியில் அந்த அயலவரே வந்து, வீட்டுக்குத் திரும்பிப் போங்கள், இனி நீங்கள் வெறுக்கும் எதையும் என்னிடம் காணமாட்டீர்கள் என்றார்.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பொறுமை, பிறகும் பொறுமை, அதற்குப் பிறகே ஊரறியச் செய்தல். அந்தக் கடைசி வழியிலும் அடிதடி இல்லை, ஏச்சுப் பேச்சில்லை. பாதிக்கப்பட்டவர் தன் சொந்தச் சாமானைத்தான் வெளியே வைத்தார். நோக்கம் அந்த மனிதரை அவமானப்படுத்தி விரட்டுவதாக இருக்கவில்லை. அவர் திருந்தி வந்து அயலவராகவே தொடர்ந்ததுதான் அதன் முடிவு.

இதை ஆதாரமாகக் காட்டி, குவியலைப் படமெடுத்துப் பெயரோடு வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போடலாமே என்று ஒருவர் கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல. அந்தச் சம்பவத்தில் விடயம் அந்தப் பாதையால் போனவர்களோடு நின்றது. முகநூலில் போட்டது புத்தளம், கொழும்பு, கட்டார் வரை போகும். மன்னிப்புக் கேட்ட பிறகும் அழியாது. முதல் இரண்டு படிகளைத் தாண்டாமல் நேரே அங்கே போவது அந்த ஹதீஸின் வழியும் அல்ல.

மூன்று விதமான அயலவர்

நடைமுறையில் எப்படிக் கையாள்வது? கொட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அல்லர். மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

முதலாமவர் யோசிக்காதவர். ஓரமாகத்தானே போட்டிருக்கிறேன், ரக்டர் வந்து அள்ளும்தானே என்று நினைக்கிறவர். பெரும்பான்மை இவர்கள்தான். இவரோடு நேரில் பேசினால் போதும். குவியலைக் கண்ட நேரத்தில், கோபம் சூடாக இருக்கும்போது போக வேண்டாம். பின்னேரம், அவர் தனியாக இருக்கும் நேரத்தில் போகலாம். குற்றச்சாட்டோடு தொடங்காமல் கேள்வியோடு தொடங்கினால் பேச்சு சுமுகமாகப் போகும். "காக்கா, வளவு இப்ப நல்ல வடிவா இருக்கு. இந்தக் கொப்புகளை எங்க கொண்டுபோறதா இருக்கிறீங்க? பிள்ளைகள் சைக்கிள்ல போற இடம். லேண்ட்மாஸ்டர் பிடிக்கிறதெண்டா எங்கட வளவிலயும் கொஞ்சம் கிடக்கு, நானும் பாதி தாறன்." இப்படிப் பேசும்போது அவருடைய மானமும் காப்பாற்றப்படுகிறது, வழியும் கிடைக்கிறது. தமிழ் அயலவர் என்றால் காக்கா என்பது அண்ணையாகும், ஐயாவாகும், அக்காவாகும். மற்றதெல்லாம் அதே பேச்சுத்தான். வீட்டுக்கு வீடு பேசித் தீர்க்க முடிந்ததை நேரே பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ கொண்டு போகாமலிருப்பது இரு பக்கத்துக்கும் நல்லது.

இரண்டாமவர் ஊரில் இல்லாதவர். இவரோடு சண்டை பிடிக்க ஆளே இல்லை. காணியின் உறவினர் யாராவது ஊரில் இருப்பார்கள், அவர்கள் மூலம் தொலைபேசி இலக்கத்தை எடுத்துப் பேசலாம். புத்தளத்திலிருந்து வரும் சகோதரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கூலி பேசும்போதே வெட்டுவதற்கும் அகற்றுவதற்கும் சேர்த்துப் பேசுங்கள். ஊருக்கு வரும் முதல் நாளே வெட்டுவியுங்கள், கடைசி நாளில் வெட்டுவித்தால் அகற்ற நேரமிருக்காது. உங்கள் வளவிலேயே ஒரு மூலையில் கிடங்கு வெட்டி அதற்குள் போடச் சொல்லுங்கள். உங்கள் காணியை இத்தனை வருடமாக அக்கம்பக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பவரின் வாசலில்தான் நீங்கள் அதைப் போட்டுவிட்டுப் போகிறீர்கள். பள்ளிவாசல் நிர்வாகம் மாரிக்கு முன்னர் ஒரு ஜும்ஆவில் இதை அறிவித்து, ஊருக்கு வெளியே வாழும் காணிக்காரர்களுக்கும் தகவல் அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்றாமவர் தெரிந்தே செய்கிறவர். சொன்னால் ஏசுகிறவர், வேண்டுமென்று இன்னொரு குவியல் போடுகிறவர். இவர்கள் மிகச் சிலர். இவருக்காகத்தான் ஊர்ப் பெரியவர்களும் சட்டமும் இருக்கின்றன. இங்கேயும் வரிசை தவறக் கூடாது. முதலில் இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவர், பிறகு இரு சமூகமும் அங்கம் வகிக்கும் கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது கிராம உத்தியோகத்தர், அதற்குப் பிறகே எழுத்துமூல முறைப்பாடு. ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். அவர் கொட்டியதை அள்ளி அவருடைய வாசலில் கொட்டுவது நியாயம் போலத் தெரியும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து ஊருக்கு இரண்டு குற்றவாளிகள் ஆகிவிடுவார்கள். தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நமது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது

முதலில் எந்த வீதி என்று பார்க்க வேண்டும். மாங்குளம் – முல்லைத்தீவு ஏ-34 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சில வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. உள் ஒழுங்கைகள் பெரும்பாலும் கரைதுறைப்பற்று பிரதேச சபைக்குரியவை. வீதி யாருடையதாக இருந்தாலும் குப்பை அகற்றும் விடயத்தில் முதலில் தட்ட வேண்டிய கதவு பிரதேச சபைதான்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம் பிரிவு, வீதிகளைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருப்பதையும் வீதிக் குப்பை, வீட்டுக் குப்பைகளை அகற்றுவதையும் சபையின் கடமையாக்குகிறது. எனவே சபையிடம் கேட்பது நம் உரிமை. அதேநேரம், சபையின் கடமை நமக்கு வீதியில் கொட்டும் அனுமதி ஆகாது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2009இல் வெளியான ஒழுங்குவிதிகள், உள்ளூராட்சி மன்றம் ஒதுக்கிய இடம் தவிர்ந்த இடங்களில் திண்மக் கழிவைக் கொட்டுவதைத் தடைசெய்கின்றன. குவித்துக் கொளுத்திவிடலாம் என்பதும் சரியான மாற்று அல்ல. குப்பைகளையும் எரியக்கூடிய ஏனைய பொருட்களையும் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. ஆஸ்துமாக்காரரும் கைக்குழந்தையும் உள்ள பக்கத்து வீட்டுக்குப் புகையை அனுப்புவதும் ஓர் அயலவர் தொல்லைதான்.

குவியலில் தண்ணீர் தேங்கும் பொருட்கள் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம், தன் இடத்தில் நுளம்பு பெருகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் காணியின் உரிமையாளர் அல்லது அதில் இருப்பவர் மீது வைக்கிறது. நான் ஊரில் இல்லை என்பது அதற்குப் பதிலாகாது.

தகராறு முற்றினால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. நம்மவர்கள் இணக்கசபை என்பது இதைத்தான். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இருவரையும் உட்கார வைத்துப் பேசி இணக்கம் காண்பதே அதன் வேலை என்பதால், நாளைக்கும் ஒரே ஒழுங்கையில் வாழ வேண்டிய அயலவர்களுக்குப் பொருத்தமான இடம் அதுவே. எல்லாம் தோற்றால், குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுப் பாதையிலுள்ள தடையையோ தொல்லையையோ அகற்றும்படி கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. அந்தப் படி இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. அதில் ஏற வேண்டிய நிலை வராமலிருப்பது அதைவிட நல்லது.

முறைப்பாடு எழுதுவது எப்படி

வாய்மூல முறைப்பாடு காற்றோடு போய்விடும். பிரதேச சபைச் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். ஒழுங்கையின் பெயர், அருகிலுள்ள அடையாளம், குவியல் எப்போதிருந்து கிடக்கிறது, எவ்வளவு அகலத்தை அடைத்திருக்கிறது, யாருக்கு என்ன இடைஞ்சல், நீங்கள் கேட்பது என்ன என்ற ஆறு விடயங்கள் அதில் இருக்கட்டும். திகதியுடன் ஒரு படம் இணைக்கலாம். கொட்டியவரைப் பற்றிய குணவிமர்சனம் தேவையில்லை. ஒழுங்கையில் உள்ள நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து கையெழுத்திட்டால் அது தனிப்பட்ட பகையாகத் தெரியாது. அந்தக் கையெழுத்துகள் இரு சமூகத்திலிருந்தும் இருந்தால் இன்னும் சிறப்பு. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிடைத்ததாக முத்திரையும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலின் பின் சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் இருக்கிறார்கள். வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வழமையான குப்பை வண்டி கொப்புகளையும் மட்டைகளையும் ஏற்றாமல் போகலாம். எனவே மாரிக்கு முன்னர், செப்டெம்பர் மாதத்தில், ஒழுங்கைக்கு ஒரு நாள் என்று தோட்டக் கழிவுக்கு மட்டும் தனியாக வண்டி அனுப்பும்படி ஊராகச் சேர்ந்து கேட்கலாம். எந்த நாளில் வண்டி வரும் என்று தெரிந்தால், மக்கள் அந்த நாளுக்கு முன் வெட்டுவார்கள். கொட்டாதே என்று சொல்வதோடு எங்கே கொடுப்பது என்பதையும் சொன்னால்தான் சொல் எடுபடும்.

வெளியே போகத் தேவையில்லாதது

உண்மையில் நம் வளவிலிருந்து வெளியே போக வேண்டிய தோட்டக் கழிவு மிகக் குறைவு. தண்ணீரூற்று என்ற பெயரே இது நீர் ஊறும் மண் என்று சொல்கிறது. அந்த மண் கேட்பதைத்தான் நாம் வீதியில் போடுகிறோம்.

கிளிசரியா இலை ஆடு மாட்டுக்கு நல்ல தீவனம், மண்ணுக்கு நல்ல பசளை. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசே அதை அறிவித்தது. வெட்டும் நாளை ஆடு வளர்க்கும் ஒரு வீட்டுக்குச் சொன்னால் அவர்களே வந்து எடுத்துப் போவார்கள். அலரிக் கொப்பு மட்டும் அதில் கலக்காமல் பாருங்கள், அது ஆட்டுக்கு நஞ்சு. தென்னோலையைத் துண்டாக்கித் தென்னையடியைச் சுற்றிப் பரப்பினால் கோடையில் ஈரம் காக்கும். உரிமட்டையைத் தென்னைக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டி அடுக்கிப் புதைத்தாலும் அதே பயன். தடித்த கொப்பு விறகு. நேரான கொப்பு வேலிக் கதியால்.

மிஞ்சும் சருகுக்கும் இலைகுழைக்கும் வளவு மூலையில் ஒரு மீற்றர் நீள அகல உயரத்தில் ஒரு கூடு போதும். காய்ந்த சருகு மூன்று பங்கு, பச்சை இலையும் சமையலறைக் கழிவும் ஒரு பங்கு என்று அடுக்கி, மாட்டுச் சாணத்தைக் கரைத்துத் தெளித்து, ஈரம் காயாமல் வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளறி விட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கூட்டெரு கிடைக்கும். அடிக்கடி கிளறினால் வண்டுப் புழுவையும் கண்டு அகற்றலாம்.

கூட்டெருவில் ஒரு கூடை பக்கத்து வீட்டுக்கும் போகட்டும். குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அயலவருக்கும் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அப்படிக் கொடுக்கல் வாங்கல் உள்ள இரண்டு வீட்டுக்கு நடுவே குவியல் கிடந்தாலும் அதைத் தீர்க்க ஒரு வார்த்தை போதும்.

இருபது வருடம் ஊரை நினைத்து ஏங்கியவர்கள் நாம். அந்த ஊரின் ஒழுங்கையில் முதியவர் தடுமாறாமல் நடக்கவும், பிள்ளை விழாமல் சைக்கிள் ஓட்டவும், இரு சமூகத்தவரும் முகம் பார்த்துச் சிரித்துப் போகவும் வழிவிடுவது பெரிய காரியம் அல்ல. இந்த மாரிக்கு முன் நமது படலைக்கு முன்னால் கிடப்பதை ஒருமுறை பார்ப்போம். நாம் போட்டதானால் இன்றே எடுப்போம். யாரோ போட்டதானாலும் முடிந்ததை ஓரமாக்கிவிட்டு, பிறகு போய் அழகாகப் பேசுவோம். பாதையின் உரிமையையும் அயலவரின் உரிமையையும் பேணி வாழும் நல்லவர்களில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக.